அழற்சிக்குக் கடிவாளம்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்ட்டிசோல் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. தொப்பை விழுந்தால் அதுதான் காரணம் என்கிறார்கள். தூக்கம் வராவிட்டாலும் அதுதான், முடி கொட்டினாலும் அதுதான். கைப்பேசியில் வரும் காணொளிகள் அதை ஒரு நஞ்சைப் போலவே பேசுகின்றன. ஆனால் அந்த ஹார்மோன் அறவே சுரக்காமல் போன ஒருவருக்குச் சாதாரண வயிற்றுப்போக்கே எமனாகிவிடும். இந்தப் பழிக்கு ஆளான ஹார்மோனுக்காகத்தான் இன்று உங்கள் முன் வழக்காட வந்திருக்கிறேன். நெருக்கடி நேரத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் நம்மைக் கெடுப்பதற்காக உண்டானவை அல்ல. நம் உடம்பின் சொந்தச் சீற்றத்திலிருந்து நம்மைக் காப்பதே அவற்றின் தலையாய வேலை. அந்த வேலையை நாம் எப்படிக் கெடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். அதற்குப் பினாங்குத் தீவை விட்டு வெளியே போகவேண்டியதில்லை.

சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்கி வந்து வீட்டில் ஆய்கிறீர்கள். கெளுத்தி முள் விரலில் ஏறிவிடுகிறது. சற்று நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, காந்துகிறது, வீங்குகிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். ரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர்கள் நெகிழ்ந்து, வெள்ளணுக்கள் திசுவுக்குள் இறங்கிக் கிருமிகளைத் தாக்குகின்றன. விரலோடு நிற்கும் வரை அதை அடக்க அங்கேயே பல ஏற்பாடுகள் உண்டு. காய்ச்சல் வரும் அளவுக்குப் பெரிதானால் தலைமைக்குத் தகவல் போகவேண்டும்.

அந்தத் தகவல் எப்படிப் போகிறது என்பதை 1986-இல் ஹ்யூகோ பெஸெடோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் விலங்குகளில் காட்டினார்கள். வெள்ளணுக்கள் சுரக்கும் இண்டர்லூக்கின்-1 என்ற பொருள், கிருமியே இல்லாதபோதும், மூளையைத் தூண்டிவிடுகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி ரத்தத்தின் வழியே சிறுநீரகங்களின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்கிறது. கார்ட்டிசோல் பெருகுகிறது. பெருகிய கார்ட்டிசோல் தன்னை வரவழைத்த அதே வெள்ளணுக்களிடம் திரும்பி வந்து, ‘போதும்’ என்று நிறுத்துகிறது. அழற்சி மூட்டும் பொருளே அதை அடக்கும் ஹார்மோனையும் அழைத்துவிடுகிறது. உடலியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

ஏன் அடக்கவேண்டும்? எதிரியை முழுதாகக் கொன்று தீர்க்கட்டுமே என்று தோன்றலாம். இதற்கு டச்சு நாட்டு அறிஞர் மாரியஸ் டௌஸ்க் 1951-இலேயே ஒரு விடை சொன்னார். நம் ஊர்க் கடைவீடுகளை வைத்து அதைச் சொல்கிறேன். சூலியா வீதியில் ஒரு வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரத்தான் வேண்டும். ஆனால் தீ அணைந்த பிறகும் தண்ணீரை நிறுத்தாவிட்டால், தீக்குத் தப்பிய பக்கத்து வீடுகளின் மரத்தளமும் சுண்ணாம்புச் சுவரும் தண்ணீராலேயே நாசமாகும். கார்ட்டிசோலின் வேலை தீயை அணைப்பது அன்று, அந்தத் தண்ணீரை அளவோடு நிறுத்துவது. 1984-இல் அமெரிக்காவின் ஆலன் மங்க் இந்தக் கருத்தை எடுத்து, அதுவரை கிடைத்திருந்த சோதனைகளையெல்லாம் திரட்டி, ஒரு நீண்ட கட்டுரையாக நிலைநாட்டினார். நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசோல் நம்மைக் காப்பது நெருக்கடியிலிருந்து அல்ல, நெருக்கடிக்கு எதிராக உடம்பே எடுக்கும் நடவடிக்கை எல்லை மீறுவதிலிருந்து என்றார். அட்ரினல் நீக்கப்பட்ட எலிகளுக்குக் கிருமிநச்சை ஏற்றினால், மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் சிறு அளவிலேயே அவை செத்துப்போகும். கார்ட்டிசோலை முன்கூட்டியே கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

குவீன்ஸ்பே கரையில் நின்று பார்த்தால் எதிரே தெரிகிறதே, ஜெரஜாக் தீவு. நம் முன்னோர்களில் பலர் பினாங்கில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நோய் இருக்கிறதோ என்று ஐயப்பட்ட கப்பல் பயணிகளை அங்கேதான் இறக்கி ஒதுக்கி வைத்தார்கள். அங்கே தொழுநோயாளர் காப்பகம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய் மருத்துவமனை வந்தது. இன்றைய தலைப்புக்கும் அந்தத் தீவுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலில் காசநோய். 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், தோல் கறுத்து, உடம்பு இளைத்து, எழுந்து நிற்கவும் வலுவின்றி இறந்துபோன நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுடைய அட்ரினல் சுரப்பிகள் அழிந்திருப்பதைக் கண்டார். அந்தக் காலத்தில் அந்த அழிவுக்குப் பெரும்பாலும் காசநோய்தான் காரணம். கார்ட்டிசோல் இல்லாத உடம்பு எப்படியிருக்கும் என்பதை உலகம் அறிந்தது அடிசன் வழியாகத்தான்.

அடுத்தது தொழுநோய். அந்தக் கிருமி மெல்ல வளர்வது. நோயாளியின் கைவிரல்கள் மடங்கி முடங்குவதும் பாதம் தொங்கிப்போவதும் கிருமியால் மட்டும் நேர்வதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு சீறும்போது நரம்பு வீங்கி நசுங்குகிறது. மருந்து சாப்பிட்டுக் கிருமி செத்துக்கொண்டிருக்கும் காலத்திலும், முடிந்த பிறகும்கூட, இந்தச் சீற்றம் வரலாம். அப்போது நரம்பைக் காப்பாற்றுவது பிரெட்னிசோலோன். கார்ட்டிசோலைப் பார்த்து மனிதன் செய்துகொண்ட மாத்திரை அது. மாதக் கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஜெரஜாக்கில் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தத் தலைமுறைக்கு இந்த மருந்து கிடைக்கவில்லை. அவர்களுடைய முடங்கிய கைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத மருத்துவர் ஃபிலிப் ஹென்ச். 1929-இல், மஞ்சள் காமாலை வந்த ஒரு நோயாளிக்கு மூட்டுவலி தானாகவே தணிந்ததை அவர் கவனித்தார். கர்ப்பிணிப் பெண்களுக்கும் அவ்வாறே தணிவதைக் கண்டார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரந்து இந்த வலியை அடக்குகிறது என்று பிடிவாதமாக நம்பினார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் மாட்டின் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றுதான் ‘காம்பவுண்ட் ஈ’, பின்னாளில் கார்ட்டிசோன். 1948 செப்டம்பர் 21 அன்று, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. சில நாள்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கே போய் வந்தார். 1950-இல் கெண்டல், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் டாடியுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நோய் குணமாகவில்லை. ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்து போட்டால் முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, மனம் கலங்கியது. உடம்பு தானே அளந்து ஊற்றுவதை நாம் வெளியிலிருந்து கொட்டினால் என்ன ஆகும் என்ற பாடம் அந்தச் சில ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது.

உயிரணுவுக்குள் நடப்பதை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். கார்ட்டிசோல் உயிரணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், தனக்கென்று இருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, கருவுக்குள் நுழைகிறது. அழற்சிப் பொருள்களை உற்பத்தி செய்யக் கட்டளையிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை அங்கே மடக்கிப்போடுகிறது. அழற்சியைத் தணிக்கும் புரதங்களைத் தயாரிக்கவும் தூண்டுகிறது.

இதில் கார்ட்டிசோலுக்கு ஒரு கூட்டாளி உண்டு. அதுதான் அட்ரினலின். அது விநாடிகளில் வேலை செய்யும். இறால் ஒவ்வாத ஒருவர் தெரியாமல் ஒரு வாய் சார் குவே தியாவ் சாப்பிட்டுவிட்டு, உதடு தடித்து, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். மருத்துவமனையில் முதலில் தொடையில் போடும் ஊசி அட்ரினலின்தான். நோயெதிர்ப்பின் வெறியாட்டத்திலிருந்து உயிரைக் காக்கும் அந்த மருந்து ஒரு நெருக்கடி ஹார்மோன். 2014-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஒரு சோதனை நடந்தது. மூச்சுப் பயிற்சியும் குளிர் தாங்கும் பயிற்சியும் பெற்ற 12 பேருக்கும், பெறாத 12 பேருக்கும் கிருமிநச்சைச் சிறிதளவு ஏற்றினார்கள். பயிற்சி பெற்றவர்களின் ரத்தத்தில் அட்ரினலின் வெகுவாக ஏறியது, அழற்சிப் பொருள்கள் குறைந்தன, காய்ச்சலும் நடுக்கமும் தணிந்தே இருந்தன.

அப்படியானால் கவலைப்பட்டால் அழற்சி குறைந்துவிடுமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மணி நேர நெருக்கடி வேறு, ஓராண்டு நெருக்கடி வேறு. பிட்ஸ்பர்க் நகரின் ஷெல்டன் கோஹன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 276 பேரின் வாழ்க்கைச் சிக்கல்களைக் கேட்டறிந்த பிறகு, சளி வைரஸை அவர்களுடைய மூக்கில் விட்டார்கள். நீண்ட நாள் மனச்சுமையோடு இருந்தவர்களுக்குச் சளி அதிகம் பிடித்தது. அவர்களுடைய வெள்ளணுக்கள் கார்ட்டிசோலின் கட்டளையைச் சரியாக ஏற்காமல் இருந்ததுதான் அந்த ஆய்வு கண்ட காரணம். ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும் ஒருவர் பேச்சு வீட்டில் எடுபடாது அல்லவா, அந்தக் கதிதான். கார்ட்டிசோல் சுரக்கிறது, ஆனால் அழற்சி அடங்குவதில்லை. ஆகவே கார்ட்டிசோலைக் குறைக்கும் தேநீர், கார்ட்டிசோலைக் குறைக்கும் மாத்திரை என்று விற்பதையெல்லாம் நம்பிப் பணத்தை இறைக்காதீர்கள். குறைக்கவேண்டியது சுமையை.

சுமை என்றால் கடனும் குடும்பச் சச்சரவும் மட்டுமல்ல, இரவு வேலையும்தான். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியது. தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறி நைட் ஷிப்ட் போகத் தொடங்கிய காலம் அது. அந்தச் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கார்ட்டிசோலுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. நள்ளிரவில் அது மிகக் குறைவு. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, விழிக்கும் வேளையில் உச்சத்துக்குப் போகும். மூட்டுவாதக்காரர்களுக்கு அதிகாலையில் விரல் மடங்காமல் விறைத்து நிற்பதற்குக் காரணம், அழற்சிப் பொருள்கள் பின்னிரவில் ஏறுவதும் அவர்களுடைய கார்ட்டிசோல் அதை ஈடுகட்டப் போதாமல் இருப்பதும்தான். இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு, படுக்கப்போகும்போது விழுங்கினால் பின்னிரவு 2 மணிவாக்கில் கரையும் பிரெட்னிசோன் மாத்திரையைச் செய்து, காலை விறைப்பு குறைவதை 2008-இல் ஐரோப்பாவில் காட்டினார்கள். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களின் உடம்பில் இந்த ஒழுங்கு நிலைபெற நாளே கிடைப்பதில்லை. ஷிப்ட் அட்டவணை போடுகிறவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், அதை மெதுவாகச் சுழற்றுங்கள், இடையில் போதிய ஓய்வு கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இந்த உரைக்கு ஒப்புக்கொண்டபோதே பேசியாகவேண்டும் என்று நான் நினைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்குக்கு ஓர் அம்மா வருகிறார். முகம் முழுநிலவைப் போல வட்டமாக உப்பி, கன்னம் சிவந்திருக்கிறது. பிடரியில் கொழுப்பு மேடு. கையும் காலும் குச்சி. புறங்கைத் தோல் வெங்காயச் சருகைப் போல மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருக்கிறது. கட்டுக்குள் இருந்த இனிப்புநீர் திடீரென்று எகிறியிருக்கிறது. “என்ன மருந்தும்மா சாப்பிடுறீங்க?” என்றால், “நீங்க குடுத்ததுதான் டாக்டர்” என்பார். உடன் வந்த மகள்தான் தயங்கித் தயங்கிச் சொல்வார்: “முட்டிவலிக்கு ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிடுறாங்க டாக்டர். பாசார் மாலாம்ல விக்கிறாங்க. எல்லாம் மூலிகைதானாம்.” அம்மா உடனே, “அதச் சாப்பிட்ட மூணாம் நாளே எந்திரிச்சு நடந்தேன் டாக்டர், அதக் கொற சொல்லாதீங்க” என்பார். மூன்றாம் நாளே எழுந்து நடந்தார் என்ற அந்தச் சொல் போதும், உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகிக்க. 1948-இல் அந்த 29 வயதுப் பெண் நடந்ததும் அப்படித்தானே?

ரத்தத்தைச் சோதித்தால் வியப்பு காத்திருக்கும். கார்ட்டிசோல் மிகுந்தவரைப் போன்ற தோற்றம். ஆனால் ரத்தத்தில் கார்ட்டிசோல் அநேகமாக இல்லை. உருண்டையில் கலந்திருப்பது கார்ட்டிசோலைப் போன்ற செயற்கை மருந்தான டெக்ஸாமெத்தசோன். கார்ட்டிசோல் சோதனையில் அது தென்படாது. அதில் அரை மில்லிகிராமே ஒரு நாள் முழுதும் உடம்பு சுரக்கும் கார்ட்டிசோலுக்கு ஏறத்தாழ நிகர். வெளியிலிருந்து இவ்வளவு வருவதைக் கண்ட பிட்யூட்டரி, அட்ரினலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. வேலையில்லாத அட்ரினல் சுருங்கிவிட்டது.

இப்போது அந்த அம்மா பயந்துபோய் உருண்டையை ஒரே நாளில் தூக்கி எறிந்தால், அதுதான் பேராபத்து. அடுத்த காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ சுரக்கவேண்டிய கார்ட்டிசோல் சுரக்காது. வாந்தி வரும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உப்பும் சரியும், நினைவு தப்பும். உடனடியாக 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புநீரும் ஏற்றாவிட்டால் உயிர் போகலாம்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி டெக்ஸாமெத்தசோன் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. அப்படியிருந்தும், அது கலந்த பாரம்பரிய மருந்துகளைக் கண்டுபிடித்துப் பதிவை ரத்து செய்ததாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப அறிவிக்கவேண்டியிருக்கிறது. இதைச் சித்த மருத்துவத்தின் மீதோ ஜாமுவின் மீதோ பழியாகச் சொல்லவில்லை. மூலிகையின் பெயரால் ரசாயனத்தை ஒளித்து விற்பவன் அந்த மருத்துவ மரபுகளுக்கும் துரோகிதான்.

எதிர்த்திசைத் தவறும் நம்மிடையே உண்டு. கார்ட்டிசோல் வகை மருந்துகளைக் குறிக்கும் ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டவுடன், ஆஸ்துமாப் பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடும் பெற்றோரைப் பார்க்கிறேன். நுரையீரலுக்குள் மட்டும் சிறு அளவில் போகும் மருந்து அது. அதை நிறுத்துவதால் வரும் இழுப்பு உயிரைக் குடிக்கும். அளவும் நேரமும்தான் எல்லாம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அதை உலகுக்கே காட்டியது. கோவிட் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகம் போனால் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பயனும் இல்லை. மறு ஆண்டு இந்தியாவில், தமிழ்நாடு உட்பட, கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குக் கட்டுக்கடங்காத நீரிழிவோடு வரம்பில்லாமல் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் ஒரு காரணம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. வீட்டுக்குப் போனதும் உங்கள் தாய் தந்தையரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாரம்பரிய மருந்தாக இருந்தால் பெட்டியின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கங்களோடு டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கவேண்டும். இருந்தாலும் அமைச்சின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். பதிவெண் இல்லாத உருண்டையோ தூளோ கிடைத்தால், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்கள் என்று கோபப்படாமல் கேளுங்கள். மாதக் கணக்கில் என்றால் தாங்களாக நிறுத்தவேண்டாம். அந்தப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மறுநாளே மருத்துவரிடம் போங்கள். சந்தேகம் கேட்க நம் தீவிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோன் நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள், காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்டவேண்டுமா என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள், அறுவை சிகிச்சைக்குப் போனாலும் சொல்லுங்கள்.

உரை முடிந்ததும் நான் இங்கேயேதான் இருப்பேன். பொட்டலம் கொண்டுவந்தவர்கள் காட்டலாம்.